கண்ணாடிக்குள் பூத்த கஞ்சா: ஒரு நாற்று வழக்கத்தின் வரலாறு

கனடாவில் மே 25ஆம் தேதிக்கு முந்தைய திங்கட்கிழமை விக்டோரியா தினம். பெயருக்கு அது ஓர் அரசியின் பிறந்தநாள் விடுமுறை. அந்நாட்டுத் தோட்டக்காரர்களுக்கோ அது நடவு நாள். அதற்கு முன் நட்டால் உறைபனி நாற்றைக் கருக்கிவிடும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். மார்ச் மாதத்திலிருந்து சன்னலோரத்திலும் விளக்குகளின் கீழும் குழித்தட்டில் வளர்ந்த தக்காளியும் மிளகாயும் அந்த வார இறுதியில் வெளியே வருகின்றன. 2018 அக்டோபர் 17 அன்று நடப்புக்கு வந்த சட்டம் ஒரு வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்த்துக்கொள்ள இடம் கொடுத்தபின் (கியூபெக் மாகாணம் அதை மறுத்தது, அந்த மறுப்பு செல்லும் என்று 2023இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது), அதே தட்டுகளில் கஞ்சா நாற்றும் இடம்பிடித்தது. கோடை குறுகியது, ஆகவே வீட்டுக்குள் முன்னதாகத் தொடங்கு, பனி போனதும் வெளியே நடு: தக்காளிக்குப் பொருந்திய இந்த நியாயம் கஞ்சாவுக்கும் அப்படியே பொருத்தப்பட்டது. அது முழுமையாகப் பொருந்தவில்லை. தக்காளியை ஆறு வாரம் முன்னதாக முளைக்கவைத்தால் ஏறக்குறைய அந்த அளவுக்குப் பழமும் முந்தும். கஞ்சாவை ஆறு வாரம் முன்னதாக முளைக்கவைத்தால் செடி பெரிதாகும். அது பூக்கும் நாள் அநேகமாக அசையாது. இந்த வேறுபாடு மனிதர்களுக்குத் தெரியவந்த கதை வெறும் தோட்டக்கலைக் கதையல்ல. செடிகளைக் குளிரிலிருந்து காக்கக் கட்டிய கண்ணாடி வீடு, கட்டியவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு காரியத்தைச் செய்தது: கோடையின் வெப்பத்தையும் கோடையின் பகலையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தது. அந்தப் பிரிவை முதலில் காட்டிக்கொடுத்த செடிகளில் ஒன்று கஞ்சா. அதற்கு முந்தைய ஈராயிரம் ஆண்டு நாற்று அனுபவம் அதைக் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

உள்ளே வளர்த்து வெளியே எடுக்கும் வழக்கம் பழையது. ரோமப் பேரரசர் டைபீரியஸுக்கு ஆண்டு முழுதும் வெள்ளரி வேண்டியிருந்ததால், சக்கரம் பூட்டிய பாத்திகளில் கொடியை வளர்த்து, வெயில் நாளில் வெளியே உருட்டியும் குளிர் நாளில் ஒளி ஊடுருவும் கல் தகடுகளின் மறைவில் வைத்தும் காத்தார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் வெர்சாய் அரண்மனையின் காய்கறித் தோட்டத்தை நடத்திய லா கன்தினி, புளிக்கும் குதிரைச் சாணத்தின் சூட்டையும் கண்ணாடி மூடிகளையும் கொண்டு பதினான்காம் லூயிக்குப் பருவம் தப்பிய காய்கனிகளைக் கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் காய்கறி விவசாயிகள் இதையே பெருந்தொழிலாக்கினார்கள். நகரத்தின் வண்டிக் குதிரைகள் தந்த சாணம் பாத்திக்கு அடியில் அடுப்பானது. மணி வடிவக் கண்ணாடிக் கவிப்புகள் வரிசை வரிசையாகக் கீரையையும் முலாம்பழத்தையும் மூடி நின்றன. அத்தொழிலின் நுணுக்கங்களை அதைச் செய்தவர்களான மொரோ, தவெர்ன் இருவரும் 1845இல் நூலாக்கினார்கள். அதே ஆண்டில் பிரிட்டன் நூறாண்டாக இருந்த கண்ணாடி வரியை நீக்கியது. கண்ணாடி வீடு பிரபுக்களின் தோட்டத்தைத் தாண்டி நடுத்தர வீடுகளின் கொல்லைக்கும் வந்தது. இத்தனை திறமையும் வெப்பம் என்ற ஒன்றைக் கணக்கிட்டுச் செலவழிக்கும் திறமை. எவ்வளவு சாணம், எத்தனை நாள் சூடு தாங்கும், எந்த இரவில் வைக்கோல் பாயைப் போர்த்த வேண்டும், நாற்றைக் காற்றுக்கும் வெயிலுக்கும் எத்தனை நாளில் பழக்க வேண்டும்: எல்லாம் அதில் அடக்கம். அறிவியலும் இந்தத் திசையிலேயே நின்றது. 1735இல் ரெயோமூர் என்ற அறிவியலாளர், ஒரு பயிர் முதிர எடுக்கும் காலத்தின் அன்றாட வெப்ப அளவுகளைக் கூட்டினால் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே தொகை வரும் என்று முன்வைத்தார். வெப்பத் தொகை என்ற இந்தக் கருத்து அடுத்த நூற்றாண்டிலும் செல்வாக்கோடு இருந்தது. தாவரங்களின் புவியியலை எழுதிய அல்ஃபோன்ஸ் த கண்டோலும் அதை விரிவாகக் கையாண்டார். பழம் முந்துவதும் பிந்துவதும் சூட்டின் கணக்கு என்பது படித்தவர், பாமரர் இருவருக்கும் பொதுவான நம்பிக்கை. தக்காளி, வெள்ளரி, முலாம்பழம் எல்லாம் அந்த நம்பிக்கையை நாள்தோறும் மெய்ப்பித்தும் காட்டின. பகலின் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாத செடிகள் அவை.

கஞ்சாவோ கண்ணாடிக்குள் வரவே இல்லை. ஐரோப்பாவில் அது வயல் பயிர். கப்பல் கயிற்றுக்கும் பாய்த் துணிக்கும் நார் தருகிற ஹெம்ப் என்ற வகை ஏப்ரல், மே மாதங்களில் நெருக்கமாக நேரடியாக விதைக்கப்பட்டுக் கோடையின் கடைசியில் அறுக்கப்பட்டது. கிளை பிரியாமல் மூங்கில் கழிபோல நீள வேண்டிய பயிரை யாரும் நாற்று விட்டு நட மாட்டார்கள். அடர்த்திதான் அதன் நாருக்கு ஆதாரம். ஆகவே கண்ணாடி வைத்திருந்தவரிடம் ஹெம்ப் இல்லை. ஹெம்ப் வைத்திருந்தவரிடம் கண்ணாடி இல்லை. இரண்டு தொழில்களும் ஒரே நாட்டில், சில இடங்களில் ஒரே ஊரின் எல்லையில், பல நூற்றாண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் ஓடின. இந்த விலகல் தற்செயலாக அமைந்ததுதான். ஆனால் அதன் விளைவு பெரிது.

இங்கே ஒரு மறுப்பு உடனே எழும், எழவும் வேண்டும். ஹெம்ப் விவசாயிக்குப் பருவத்தைப் பற்றிய நுட்பம் தெரியாதா? நன்றாகவே தெரியும். இத்தாலியின் உயரமான ஹெம்பை வடக்கே கொண்டுபோய் விதைத்தால் செடி இன்னும் ஓங்கி வளரும், நார் நிறைய வரும், விதை மட்டும் பனிக்குமுன் முதிராது என்பது ஐரோப்பாவில் பழகிய செய்தி. அமெரிக்காவில் கென்டக்கி ஆற்றின் கரைநிலங்களில் விதைக்கென்றே தனியாக, இடைவெளி விட்டு ஹெம்ப் வளர்த்து மற்ற வயல்களுக்கு விற்றார்கள். வேளாண் துறையின் லிஸ்டர் டூயி 1913இல் எழுதிய விரிவான கட்டுரையில் சீன வகைகளும் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த விதைகளும் எந்த வட்டாரத்தில் எப்படி நடந்துகொண்டன என்ற செய்திகள் உண்டு. இவ்வளவு தெரிந்தவர்களிடம் இல்லாதது ஒன்றுதான்: நடப்பதற்குக் காரணம் வெப்பமா, ஒளியா என்று பிரித்துப் பார்க்கும் வழி. தெற்கிலிருந்து வடக்கே போகிறபோது சூடும் குறைகிறது, கோடைப் பகலும் நீளுகிறது. இரண்டும் கைகோத்து மாறுகிற இடத்தில் எது காரணம், எது துணை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. குளிர் நாட்டில் விதை முதிராமல் போனால் குளிரைக் குற்றம்சாட்டுவது இயல்பு. செடி புது மண்ணுக்குப் பழகவில்லை என்ற விளக்கமும் கூடவே இருந்தது. 1852இல் ஆர்தர் ஹென்ஃப்ரே என்ற ஆங்கிலத் தாவரவியலாளர், தாவரங்கள் எங்கே வாழ்கின்றன என்பதில் பகலின் நீளத்துக்கும் பங்கிருக்கலாம் என்று எழுதினார். நல்ல ஊகம் அது. சோதிக்க வழியில்லாததால் ஊகமாகவே நின்றது.

இன்னும் வலுவான மறுப்பு கிழக்கிலிருந்து வரும். கஞ்சாவை நாற்று விட்டு நட்டவர்களே இருந்தார்களே! வங்காளத்தின் ராஜ்சாஹி மாவட்டத்தில், இன்று வங்கதேசத்துக்குள் இருக்கும் நவகாவ் வட்டாரத்தில், பிரிட்டிஷ் அரசின் உரிமத்தோடு கஞ்சா பயிரானது. அந்த நிலப்பரப்புக்கே கஞ்சா மகால் என்று பெயர். 1877இல் ஹேம் சந்தர் கெர் எழுதிய அறிக்கை, 1893இல் பிற்காலத்தில் கியூ தோட்டத்தின் இயக்குநரான டேவிட் பிரெய்ன் எழுதிய அறிக்கை, 1893-94இன் இந்தியக் கஞ்சா ஆணையத்தின் பல தொகுதிகள் என்று அந்தச் சாகுபடிக்குக் கிடைத்த அளவு எழுத்துச் சான்று அக்காலத்தின் வேறு பல பயிர்களுக்குக் கிடைத்ததில்லை. மழை தேங்காத மேட்டு நிலத்தில் ஆகஸ்ட் வாக்கில் நாற்றங்கால். மழை தணியும் செப்டம்பரில், உழுது உழுது பொடியாக்கி எரு இட்ட வயலில் நடவு. குளிர்காலம் நெருங்கும்போது ‘பொத்தார்’ என்ற தொழில் வல்லுநர் வயலில் இறங்கி, பூ தெளிவாக வெளிப்படும் முன்பே ஆண் செடிகளை அடையாளம் கண்டு பிடுங்குவார். மகரந்தம் விழாத பெண் பூக்கள் பிசினோடு திரண்டபின் ஜனவரி, பிப்ரவரியில் அறுவடை. அறுத்த சரக்கு அரசின் கிடங்கு வழியாகத்தான் வெளியே போகும். 1917இல் அந்த விவசாயிகள் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். ஆணையத்தின் பக்கங்களில் அந்தப் பொத்தாரின் கண்கூர்மையைப் படிக்கும்போது வியப்பு அடங்குவதில்லை. செடியின் பாலைப் பூவுக்கு முன்பே பிரித்தறிவது இன்றும் எளிதல்ல.

ஆனாலும் நவகாவ் என் வாதத்தைக் குலைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. அங்கே நாற்றங்கால் வெப்பத்துக்காக வந்ததல்ல, வெள்ளத்துக்காக வந்தது. மழை வடியும்வரை இளஞ்செடியைக் காக்க ஒரு மேடு வேண்டியிருந்தது. மேட்டிலிருந்து வயலுக்குப் போகும்போது செடி ஒரே வானத்தின் கீழ்தான் போகிறது. நாற்றங்காலிலும் வயலிலும் அதே பகல், அதே இரவு. நடவு முடிந்த சில வாரங்களில் இரவு நீண்டு செடி தானாகப் பூப்புக்குத் திரும்புகிறது. விவசாயியின் பஞ்சாங்கமும் செடிக்குள் இருக்கும் கணக்கும் பிசகாமல் ஒத்துப்போன இடம் அது. ஒத்துப்போகிற இரண்டில் ஒன்று மட்டுமே கண்ணுக்குத் தெரியும். காவிரிப் படுகையின் பழைய சம்பா நெல்லும் இதே வகை. நீண்ட வயதுள்ள அந்த மரபு ரகங்களில் பலவும் பகல் குறுகும்போது பூப்பவை. நாற்று சில வாரம் முன்னதாக விட்டாலும் பின்னதாக விட்டாலும் கதிர் வரும் காலம் பெரிதாக நகராது. பட்டம் தவறி விதைத்தால் வைக்கோல்தான் மிஞ்சும். குறுவை ரகங்களோ நாள் எண்ணி முதிர்பவை. சம்பாப் பட்டத்தையும் குறுவைப் பட்டத்தையும் கலக்கக் கூடாது என்பதைத் தஞ்சை விவசாயி எந்த ஆய்வகமும் இல்லாமல் அறிந்திருந்தார். அந்த அறிவு குறைந்ததல்ல. ஆனால் சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். மழையும் வெயிலும் காற்றும் அதைவிடப் பன்மடங்கு கண்கூடாக மாறும் நிலத்தில், அந்த ஒன்றரை மணியைத்தான் நெல் எண்ணுகிறது என்று யாரால் ஐயுற முடியும்?

வெப்பமும் பகலும் தனித்தனியாகும் ஓர் இடம் வேண்டியிருந்தது. இயற்கையில் அது அரிது. ஜனவரி மாதத்துப் பாரிஸில், சூடேற்றிய கண்ணாடி வீட்டுக்குள் அது இருந்தது: உள்ளே கோடையின் சூடு, மேலே எட்டரை மணி நேரமே நீடிக்கும் குளிர்காலப் பகல். அங்கே தக்காளி வைத்தால் மெலிந்து வளரும், வேறு செய்தி எதுவும் தராது. கஞ்சாவை வைக்க வேண்டும், வைக்க ஒரு காரணமும் வேண்டும். அந்தக் காரணம் ஜூலியன் தூர்னுவா என்ற இளம் ஆய்வாளருக்கு இருந்தது. அவர் படித்துக்கொண்டிருந்தது சாகுபடியை அல்ல, ஹாப்ஸ் கொடியின் பால் தன்மையை. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே குடும்பம். இரண்டிலும் ஆண் தனி, பெண் தனி. ஆகவே ஜப்பானிய ஹாப்ஸையும் ஹெம்பையும் அவர் சேர்த்தே வளர்த்தார். பருவத்துக்கு முன்பே, கண்ணாடி வீட்டில் விதைத்த நாற்றுகள் சில இலைகளே விட்ட நிலையில் பூத்துவிட்டன. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து கோடை முடிவில் பூக்க வேண்டிய செடி, கைக்குழந்தைப் பருவத்திலேயே பூ வைத்தது. கோளாறு என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. ஒளியைத் திட்டமிட்டுக் குறைத்து மறுபடி வளர்த்துப் பார்த்தார். 1912இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் ஏட்டில், ஜப்பானிய ஹாப்ஸும் ஹெம்பும் பூப்பதில் ஒளியின் பங்கு பற்றிய குறுங்கட்டுரை வெளிவந்தது. 1914இன் நீண்ட கட்டுரையில் இன்னும் ஒரு படி போனார்: முன்கூட்டிய பூப்புக்குக் காரணம் பகல் குறுகுவது என்பதைவிட இரவு நீளுவது என்று சொல்லத் தகும் என்றார். அதை மேலும் சோதிக்க அவருக்கு வாய்க்கவில்லை; முதல் உலகப்போர் அவரைக் கொண்டுபோய்விட்டது.

இந்த இடத்தில் வரலாற்று நூல்கள் வழக்கமாக அமெரிக்காவுக்குத் தாவும். 1918 ஜூலையில், வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் இருந்த ஆர்லிங்டன் பண்ணையில், ஆய்வாளர்களான கார்னரும் அல்லார்டும் மேரிலாண்ட் மம்மத் என்ற ராட்சதப் புகையிலையின் தொட்டிகளையும் சோயாப் பெட்டியையும் மாலை 4 மணிக்கு ஓர் இருட்டுக் கொட்டகைக்குள் வைத்து மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். வெளியில் இருந்த செடிகள் பூக்காமல் ஓங்கிக்கொண்டே போக, கொட்டகைக்குள் போய்வந்தவை பூத்தன. 1920இல் வெளியான அவர்கள் கட்டுரையோடு ஒளிக்காலத்துவம் என்று இன்று பள்ளிப் பாடநூல் சொல்லும் கருத்து நிலைபெற்றது. பெருமை அவர்களுக்குத்தானே, தூர்னுவா பார்த்தது ஒரு தனிச் செய்திதானே என்று கேட்கலாம். பொது விதியாக்கிய பெருமை அவர்களுக்கே. அதில் தகராறு இல்லை. வெவ்வேறு தேதிகளில் விதைத்த பிலாக்சி சோயா ஏறக்குறைய ஒரே காலத்தில் பூத்ததிலிருந்து விலகாமல் நின்று, ஈரம், ஊட்டம், வெப்பம், ஒளியின் வலிமை ஆகிய ஒவ்வொன்றையும் சோதித்துக் கழித்த பொறுமை அவர்களுடையது. ஆனாலும் அவர்களுடைய புதிரும் கண்ணாடி வீட்டில்தான் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கோடை வயலில் பூக்காமல் பனியில் சாகும் அந்தப் புகையிலை, குளிர்காலத்தில் உள்ளே கொண்டுவந்தபோது பூத்தது. பாரிஸில் ஹெம்ப், ஆர்லிங்டனில் புகையிலை: இரண்டிலும் சாட்சி சொன்னது சூடேற்றிய குளிர்காலக் கூரை. ஓஹையோவில் ஜான் ஷாஃப்னர் 1920களின் தொடக்கத்தில் குளிர்காலக் கண்ணாடி வீட்டில் ஹெம்ப் வளர்த்தபோது செடிகளின் பால் தன்மையே புரண்டுபோவதைக் கண்டதும் இந்த வரிசையில் சேரும். இரவைப் பற்றித் தூர்னுவா சொன்னது 1938இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியில் செய்த சோதனையால் துலங்கியது. நீண்ட இரவின் நடுவே ஒரு சிறு கீற்று வெளிச்சம் விழுந்தாலே பூப்பு தடைப்பட்டது. செடி எண்ணுவது பகலை அல்ல, இடையறாத இருட்டை.

அப்படியானால் மூன்று நூற்றாண்டாகக் கண்ணாடியோடு வாழ்ந்த தோட்டக்காரர்கள் இதை ஏன் முன்பே காணவில்லை? இது நியாயமான கேள்வி; என் வாதத்தின் பலவீனமான மூட்டும் இதுதான். சாமந்தி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்ணாடி வீட்டுக்கு வந்துவிட்டது. அதுவும் நீள் இரவில் பூப்பதுதான். முரண்கள் கண்ணில் பட்டிருக்கத்தான் வேண்டும். பட்டதை எதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல். செடியில் மாவுச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதமே பூப்பைத் தீர்மானிக்கிறது என்ற கருத்து, கார்னர் இருட்டுக் கொட்டகை கட்டிய அதே 1918இல்கூட அமெரிக்க ஆய்வாளர்களிடையே மேலோங்கி நின்றது. ஒளி என்றால் உணவு, ஒளி குறைந்தால் பட்டினி. பட்டினி கிடந்த செடி அவசரமாகப் பூக்கிறது. இப்படி ஒரு விளக்கம் கைவசம் இருக்கும்போது இன்னொன்றைத் தேட யாருக்கும் மனம் வராது. சாமந்தியை விற்கிறவர் அது இலையுதிர் காலத்தில் பூக்கும் மலர் என்று ஏற்றுக்கொண்டு வியாபாரத்தையும் அதற்கேற்ப அமைத்துக்கொண்டார். பருவம் தவறியும் பூக்கவைக்கலாம் என்று தெரிந்தபின் 1930களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கென்னத் போஸ்ட் போன்றவர்கள் கறுப்புத் துணி போர்த்தும் முறையை வகுத்துக் கொடுத்தார்கள். இரவைத் தொழிற்கருவியாக ஆக்கிய முதல் பெரிய வியாபாரம் சாமந்திதான், கஞ்சா அல்ல. அமெரிக்காவில் 1937இன் வரிச் சட்டத்துக்குப்பின் கஞ்சாவைப் பற்றி வெளிப்படையாக ஆராயவும் எழுதவும் இருந்த இடம் சுருங்கிப்போயிருந்தது.

கஞ்சா வளர்ப்பவர்களிடம் இந்த அறிவு பரவியது அடக்குமுறையின் விளைவாக. கலிபோர்னியாவில் 1983 முதல் ஹெலிகாப்டர்களோடு மலைகளில் செடி தேடும் படை இறங்கியது. வளர்ப்பவர்கள் நிலவறைக்கும் கிடங்குக்கும் நகர்ந்தார்கள். சூரியனே இல்லாத அறையில் வளர்க்கும்போது ஒளியின் நேரத்தை ஆள்தான் முடிவு செய்தாக வேண்டும். வளர்ச்சிக்கு நாளுக்கு 18 மணி நேர விளக்கு, பூக்கவைக்க 12 மணி நேரம் என்ற பழக்கம் அங்கே வேரூன்றியது. ஆர்லிங்டன் கொட்டகையின் தலைகீழ் வடிவம் இது. அங்கே பகலுக்குள் இருட்டைக் கொண்டுவந்தார்கள், இங்கே இருட்டுக்குள் பகலை. பிறகு சட்டங்கள் தளர்ந்து செடி மறுபடி வெளியே வந்தபோது, அறைக்குள் 18 மணி நேரப் பகலுக்குப் பழகிய நாற்று மே மாத வானத்தைச் சந்தித்தது. டொராண்டோவில் மே மூன்றாம் வாரத்தில் பகல் சுமார் 15 மணி. 18இலிருந்து 15க்குத் திடீரென இறங்கிய செடிகளில் சில, கோடை முடிந்துவிட்டதென்று பூக்கத் தொடங்கிவிடுகின்றன. ஜூனில் பகல் இன்னும் நீண்டதும் குழம்பி, பூவை நிறுத்தி, ஒற்றை மடல் கோணல் இலைகளை விட்டு, வாரக்கணக்கில் வீணாக்கிப் பிறகே தழைக்கின்றன. வெளியே எடுப்பதற்கு முன் விளக்கு நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து வெளிப் பகலோடு ஒத்துக்கொண்டுவருவதே இதற்குப் பரிகாரம். நிழலில் சில மணி நேரம், பின் வெயிலில், பின் காற்றில் என்று ஒரு வாரம் பத்து நாள் பழக்கும் பழைய தோட்டக்கார முறையும் அவசியம். விளக்கடியில் வளர்ந்த இலையின் தோல் மென்மையானது, நேர் வெயிலில் வெளுத்துக் கருகிவிடும். ஆனால் பாரிஸ்காரர்கள் கையளித்த இந்தப் பழக்கம் செடியின் உடலை மட்டுமே தயார் செய்கிறது. நேரக் கணக்கைத் தயார் செய்வது அதில் இல்லாத, இருபதாம் நூற்றாண்டு சேர்த்த பாடம். வடக்கே போகப் போகத் தொடக்கத்தின் இந்த ஆபத்து குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எட்மன்டன் நகரில் அதே மே வாரத்தில் பகல் 16 மணியைத் தாண்டிவிடும், செடி ஏமாறாது.

எட்மன்டனின் துயரம் முடிவில் இருக்கிறது. அங்கே ஆகஸ்ட் நடுவில்தான் பகல் 15 மணிக்குச் சற்றே கீழே இறங்குகிறது. பல வகைகள் அதன்பிறகே பூப்புக்குத் திரும்பும். பூத்து முதிர எட்டு வாரமாவது வேண்டும். அக்டோபர் நடு வந்துவிடும். உறைபனியோ செப்டம்பரிலேயே இறங்கிவிடுகிறது. மார்ச்சில் முளைக்கவைத்தவருக்கும் மே மாதம் முளைக்கவைத்தவருக்கும் இந்தத் தேதிகள் ஒன்றுதான். முன்னதாகத் தொடங்கியவரிடம் பனியில் கருக மேலும் பெரிய செடி இருக்கும். அப்படியென்றால் உள்ளே தொடங்குவது வீண்வேலையா என்றால், அல்ல. வேர் பருக்கிறது, கிளை பெருகுகிறது, நிற்கும் காலம் வாய்த்தால் விளைச்சல் கூடுகிறது. ஆண் செடியை முன்னரே கண்டு நீக்கவும் இடமிருக்கிறது. ஆனால் குறுகிய பருவத்துக்கு அது மருந்து என்று விற்கப்படுகிறதே, அந்த மருந்து அதுவல்ல. தேதியை நகர்த்த வேண்டுமானால் இரவை நகர்த்த வேண்டும்: ஜூலையிலேயே மாலைதோறும் செடியைக் கறுப்புப் படுதாவால் மூட வேண்டும். கார்னரும் அல்லார்டும் செய்ததை இன்று வடக்கே பல பண்ணைகள் கூரை மேல் இயந்திரம் வைத்துச் செய்கின்றன. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உரிமமின்றிக் கஞ்சா வளர்ப்பது குற்றம். இங்கே பேசுவது கனடா போலச் சட்டம் இடம் தந்த நாடுகளின் நிலைமை.

இரவைப் பற்றிய கவலையே தேவையற்றதாகிவிட்டது என்பார்கள் சிலர், ரஷ்யாவைச் சுட்டி. 1924இல் யனிஷெவ்ஸ்கி என்ற தாவரவியலாளர் வோல்கா ஆற்றுப் பகுதியில் களையாக வளரும் ஒரு சிறு கஞ்சாவை ருடராலிஸ் என்று பெயரிட்டு விவரித்தார். அந்த மரபைச் சேர்ந்த செடிகளில் பலவும் இரவை எண்ணுவதில்லை, வயதை எண்ணுகின்றன. முளைத்த சில வாரங்களில் பகல் எவ்வளவு நீளமானாலும் பூத்துவிடும். அதைக் கலந்து உருவாக்கிய, தானே பூக்கும் வகைகள் இரண்டாயிரங்களில் பரவின. நெல்லில் குறுவை செய்த காரியத்தை இங்கே இவை செய்கின்றன. ஆனால் இவை வந்ததும் உள்ளே தொடங்கும் வழக்கத்தின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. முளைத்த நாளிலிருந்து ஓடும் கணக்கு நடவு அதிர்ச்சிக்காக நிற்காது. வேர் அடைபட்டுச் சட்டியில் கழியும் ஒவ்வொரு வாரமும், மெலிந்த விளக்கொளியில் கழியும் ஒவ்வொரு நாளும் செடியின் குறுகிய ஆயுளிலிருந்து கழிகிறது. அந்த இழப்பைப் பின்னால் ஈடுகட்ட நாள் மிஞ்சுவதில்லை. பின்லாந்தில் விதை எண்ணெய்க்காக வடக்கத்திய ரஷ்ய விதைகளிலிருந்து தேர்ந்தெடுத்த ஃபினோலா என்ற ஹெம்ப் வகையை அறுபதாவது அட்சரேகைக்கு மேலும் பயிரிடுகிறார்கள். பனி நீங்கியதும் அதை எந்த நாற்றங்காலும் இல்லாமல், கண்ணாடியும் விளக்கும் இல்லாமல், நேராக வயலில் விதைக்கிறார்கள்.